பெர்மெஸ்ஸோ கேட்ட கதவுகள்

புத்தகம் அச்சகத்திலிருந்து வந்தபோது அம்மா இறந்து எட்டாம் நாள் செய்யும் எட்டுச்செலவு முடிந்திருந்தது. ருஜேரோ அதை ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். கதவு திறந்தே கிடந்தது. வாசலில் நின்று, "பெர்மெஸ்ஸோ?" என்றான்.

இத்தாலியில் இன்னொருவர் வீட்டுக்குள் கால் வைக்குமுன் எல்லோரும் சொல்லும் சொல் அது. உள்ளே வரலாமா என்று பொருள். குவெஸ்தூராவில், அதாவது காவல்துறை அலுவலகத்தில், எங்களுக்குத் தரும் வதிவிட அனுமதிக்கும் அதே பெயர்தான். பலேர்மோத் தமிழர் பெர்மெஸ்ஸோ என்றால் அந்த அனுமதியைத்தான் சொல்கிறார்கள். புதுப்பிக்கக் கொடுத்தாயிற்றா, வந்துவிட்டதா, எப்போது முடிகிறது என்பவை எங்கள் வீடுகளில் சுகம் விசாரிப்பது போன்றவை.

புத்தகத்தின் அட்டையில் ஒரு பழைய மாளிகையின் கதவு. கதவுக்கு மேலே தலைப்பு: பெர்மெஸ்ஸோ.

அம்மா அதைப் பார்க்கவில்லை.

அம்மாவின் பெயர் இந்திராதேவி. பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவின், அதாவது ஓர் இத்தாலிய அம்மணியின், வீட்டில் துப்புரவு வேலை செய்தார். அந்தச் சிஞ்ஞோராவின் மகன்தான் ருஜேரோ. நாற்பது வயது. நண்பர்களோடு மேசையைச் சுற்றியிருந்து விளையாடும் கதை விளையாட்டுகளை எழுதுகிறவன். பலகை கிடையாது. ஆளுக்கொரு பாத்திரம். ஒருவர் கதை சொல்பவர். "நீ ஒரு குகைக்குள் வருகிறாய், என்ன செய்கிறாய்?" என்று அவர் கேட்பார். ஆட்டக்காரர் பதில் சொல்வார். முடிவு தெரியாத இடத்தில் பகடைக் காய் உருட்டுவார்கள். அந்தக் கதைக்கான இடங்கள், ஆட்கள், ஆபத்துகள் எல்லாம் எழுதிய புத்தகம் கதை சொல்பவரிடம் இருக்கும். ருஜேரோ கொண்டுவந்தது அப்படியொரு புத்தகம்.

அந்தியேட்டிக்கு, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, நினைவு மலர் அடிப்பது எங்கள் வழக்கம். சறோஜாச் சித்தி, அம்மாவின் தங்கை, அந்தப் பொறுப்பை எடுத்திருந்தார். எங்கே பிறந்தார், எங்கே வசித்தார், யாருக்கு மகள், யாருக்கு மனைவி என்ற பகுதி அவரிடம் ஏற்கெனவே இருந்தது.

"அது எல்லாற்றை மலரிலையும் இருக்கிறது தானே," என்றார் சித்தி. "நீ ஒரு பக்கம் எழுது. அக்கா எப்பிடியான ஆள் எண்டு வரவேணும். உன்ரை லிஃப்ட் கொம்பனிக்கு எழுதுற மாதிரி எழுதிப்போடாதை."

நான் மின்தூக்கி திருத்தும் வேலை செய்கிறேன். பழுது என்ன, காரணம் என்ன, என்ன செய்யப்பட்டது என்று எழுதித்தான் பழக்கம். அப்படியே தொடங்குகிறேன்.

அம்மா பலேர்மோவுக்கு வந்த புதிதில் அந்த வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் கதவைத் தாண்டி உள்ளே போனார். சிஞ்ஞோரா கையை நீட்டி மறித்து, "பெர்மெஸ்ஸோ சொல்ல வேண்டும்" என்றார். அம்மாவுக்கு அந்த வசனத்தில் ஒரு சொல்தான் விளங்கியது.

இந்தக் கதையை அம்மா வீட்டுக்கு வருகிற எல்லோருக்கும் சொல்வார்.

"நான் என்னத்தைக் கண்டன்? மனிசி பெர்மெஸ்ஸோ எண்டாள். கைப்பையைத் திறந்து எடுத்துக் காட்டினன். அப்ப அது இப்பத்தை மாதிரி பிளாஸ்ரிக் காட் இல்லை, படம் ஒட்டின கடதாசி. கண்ணாடியைப் போட்டு வடிவாப் பாத்திட்டு வா எண்டாள். அடுத்த நாளும் பெர்மெஸ்ஸோ எண்டாள். காட்டினன்."

"எத்தினை நாள் அம்மா காட்டினீங்கள்?"

"அவளுக்குச் சிரிப்பு வருமட்டும்."

அப்பா பக்கத்திலிருந்து, "அவள் நல்ல மனிசி. நானெண்டால் கைரேகையும் எடுத்திருப்பன்," என்பார். அப்பாவின் பெயர் நகுலேஸ்வரன். துறைமுகத்தில் நாப்போலிக்குப் போகும் கப்பல்களின் அறைகளைத் துப்புரவாக்கும் வேலை.

பிறகு அம்மாவுக்கு இரண்டு பெர்மெஸ்ஸோவுக்கும் வித்தியாசம் தெரிந்தது. ஆனாலும் எந்த வீட்டு வாசலிலும் அந்தச் சொல்லைச் சொல்லும்போது இடது கை கைப்பையைத் தொடும். அது கடைசிவரை போகவில்லை.

சனிக்கிழமைகளில் அம்மா அங்கே உடுப்பு அயன் பண்ணப் போவார். பக்கத்து அறையில் ருஜேரோவும் நண்பர்களும் விளையாடுவார்கள். ஒருநாள் ஓராள் வரவில்லை. "சிஞ்ஞோரா இந்திரா, கொஞ்ச நேரம் இந்தக் கதிரையில் இருங்கள்," என்று கூப்பிட்டிருக்கிறான். அம்மா அயன்பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டுப் போய் இருந்திருக்கிறார்.

"நீங்கள் ஒரு மாளிகைக்குள் வருகிறீர்கள்," என்றான் ருஜேரோ. "என்ன செய்கிறீர்கள்?"

"துப்புரவு வேலை," என்றார் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டால் வேறென்ன சொல்வது? ருஜேரோ அம்மாவின் பாத்திரத்தைத் துப்புரவுப் பெண் என்றே எழுதிக்கொண்டான். அடுத்து, "உங்களுக்கு முன்னால் பூட்டிய கதவு. என்ன செய்கிறீர்கள்?" என்றான்.

"பெர்மெஸ்ஸோ," என்றார் அம்மா. கை கைப்பைக்குப் போனது.

இந்த முறை ருஜேரோ சிரிக்கவில்லை. அந்தக் கை ஏன் போகிறது என்று அவனுக்குத் தெரியும். "கதவு திறக்கிறது," என்றான்.

உள்ளே ஒரு பிரபுவின் ஆவி நின்றது. மற்றவர்கள் வாளை உருவினார்கள். அம்மா ஆவியிடம், பெர்மெஸ்ஸோ இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றது ஆவி. விண்ணப்பித்த ரசீதாவது? அதுவும் இல்லை. அன்று வீட்டுக்கு வந்து எங்களுக்குச் சொன்னது இது:

"பாவமாக் கிடந்தது. ரசீதும் இல்லாமல் உப்பிடி வெளியாலை நிக்காதையுங்கோ, பிடிப்பாங்கள், உள்ளுக்கை இருங்கோ எண்டன். அது போய் உள்ளுக்கை இருந்திட்டுது."

"பேயையோ?" என்றார் அப்பா.

"பேயெண்டால் என்ன? எத்தினை வருசமா அலையுதோ."

அதற்குப் பிறகு அந்தக் கதிரை அம்மாவுடையதாகிவிட்டது. அயன் பண்ணும் வேலை வெள்ளிக்கிழமைக்கு மாறியது. ருஜேரோ தன் கதையை அம்மாவைச் சுற்றி மாற்றினான். மாளிகையில் இறந்தவர்கள் இருக்கிறார்கள். போக அனுமதி வராததால் இருக்கிறார்கள். வரிசையில் இலக்கத்தோடு காத்திருக்கிறார்கள்.

சித்திக்கு இந்த விளையாட்டு விளங்கவில்லை. கோயில் மண்டபத்தில் வைத்துக் கேட்டேவிட்டார்.

"அக்கா, நீ வெள்ளையளோடை இருந்து காய் உருட்டுறியாம். உண்மையோ?"

"ஓம் சறோ. நாட்டை வைச்சு ஆடுறன். தோத்தால் காடுதான். உன்னையும் கூட்டிக்கொண்டு போறன்."

"என்னை ஏன்?"

"அங்கை சமைக்க ஆள் வேணுமே."

அம்மாவிடம் இருபது முகமுள்ள ஒரு பச்சைக் காய் இருந்தது. வீட்டுச் சாவியோடு கைப்பையில் கிடக்கும். உருட்டுமுன் கண்ணில் ஒற்றுவார். நாளடைவில் மேசையிலிருந்த எல்லோரும் ஒற்றத் தொடங்கினார்களாம்.

எங்கள் வீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா வீட்டுத் தரை முழுவதும் துடைப்பார். துடைத்தபின் மொப்பைப் பிடித்துக்கொண்டு குசினி வாசலில் காவல் நிற்பார். காயும்வரை ஒருவரும் தரையில் கால் வைக்கக் கூடாது. மற்றவர்கள் வீட்டில் துடைத்தால் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும், காய்கிறதைப் பார்க்க நேரமில்லை, என் வீட்டிலாவது பார்க்கிறேன் என்பார். அப்பா சோபாவில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பார். நான் வேலைச் சப்பாத்தோடு வெளியே படியில் நிற்பேன்.

"அம்மா, காய்ஞ்சிட்டுதோ?"

"இன்னும் காயேல்லை. காலை வைச்சியோ, முறிப்பன்."

"காஞ்ச மாதிரித்தான் கிடக்குது."

"உனக்கு லிஃப்டைப் பற்றித் தெரியும். எனக்குத் தரையைப் பற்றித் தெரியும். நில்லடி."

கடைசியில், "காய்ஞ்சிட்டுது, வாங்கோ," என்பார். அதன் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும்.

போன வருடம் இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை அம்மா விளையாடப் போய்விட்டு வந்தார். களைப்பாக இருக்கிறது என்று படுத்தார். நான் ட்ராப்பனியில் வேலையில் நின்றேன். மறுநாள் காலை அம்மா எழும்பியபோது உடம்பின் ஒரு பக்கம் வழங்கவில்லை. பேச்சும் போய்விட்டது. அந்த ஞாயிறு எங்கள் வீட்டுத் தரை துடைக்கப்படவில்லை. குளிர்காலம் முழுக்க ஆஸ்பத்திரியிலும் பிறகு வீட்டிலும் கிடந்தார். கண்ணால் எங்களைத் தொடர்ந்து பார்ப்பார். ஒரு சொல்கூட வரவில்லை. வசந்தத்தில் போய்விட்டார்.

புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு ருஜேரோ சொன்னது இது. கடைசி அத்தியாயம் அந்தச் சனிக்கிழமை விளையாடியது. அம்மா கடைசிக் கதவடியில் நின்று சொன்னதை வைத்துத்தான் கதை முடிகிறது.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

அவன் புத்தகத்தின் மேல் கையை வைத்தான். "இந்த மாதிரிப் புத்தகத்தைக் கதை சொல்பவர் மட்டும்தான் படிக்கலாம், கேசிகா. படித்தவர் அந்தக் கதையை விளையாட முடியாது. எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடும். நீ படிக்கலாம், அல்லது வந்து எங்களோடு விளையாடலாம். முதல் அத்தியாயம் ஆட்டக்காரருக்கும் பொது. அதற்குப் பிறகு நீதான் தீர்மானிக்க வேண்டும்."

அவன் போனபின் அப்பா புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்துப் பெட்டிக்குள்ளை வைக்கிற துண்டு மாதிரி," என்றார். "வாசிச்சால் பிறகு மருந்தைக் குடிக்கேலாது."

என் நிலைமை இதுதான். அம்மாவின் பேச்சில் எனக்குத் தெரிந்தது எல்லாம் ஏற்கெனவே எனக்குள் இருக்கிறது. ஒவ்வொரு நாளும் அதையே திரும்பத் திரும்பக் கேட்கிறேன். நான் கேட்டிராத பேச்சு இனி வராது. அப்படியொன்று மிச்சமிருப்பது இந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தில் மட்டும். அதை ஒருமுறைதான் முதல்தடவையாகக் கேட்கலாம்.

முதல் அத்தியாயத்தைப் படித்தேன்.

பார்த்தவுடன் எனக்குப் பழக்கமான பொருளாகத் தெரிந்தது. மாளிகையின் வரைபடம், ஒவ்வொரு அறைக்கும் இலக்கம். அறையில் என்ன இருக்கிறது, ஆட்டக்காரர் இதைச் செய்தால் என்ன நடக்கும், செய்யாவிட்டால் என்ன நடக்கும். மின்தூக்கி திருத்தும் நல்ல கைநூல்கள் இப்படித்தான் இருக்கும். கடதாசி தடிப்பு. படங்கள் கறுப்பு மையில் வரைந்தவை. வரிசையில் காத்திருக்கும் ஆவிகளின் படம் ஒன்று இரண்டு பக்கத்துக்கு விரிகிறது. ஆளுக்கொரு கடதாசித் துண்டு கையில். ஒருத்தி செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு சாய்ந்திருக்கிறாள். குவெஸ்தூராவில் அம்மா அப்படித்தான் சாய்ந்து நிற்பார். அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு அம்மா வந்தார். 'சிஞ்ஞோரா இந்திரா, மாளிகையின் துப்புரவுப் பெண்' என்று பெயர் போட்டிருந்தது. முதல் கதவடியில் அவர் பேசுகிறார். அது அழகான இத்தாலியன். தமிழில் சொன்னால், 'தங்கள் இசைவு இருப்பின் உட்புக விழைகிறேன்' என்ற மாதிரி.

புத்தகத்தை மூடினேன்.

அம்மா முப்பது வருடம் இத்தாலியன் பேசினார். ஒரு வினைச்சொல்லையாவது திரித்ததில்லை. அகராதியில் எப்படிக் கிடக்கிறதோ அப்படியே எடுத்து வைப்பார். நான் வர, நீ சாப்பிட, பஸ் போக. அதற்குள் காலம், இடம், கோபம், பகிடி எல்லாம் இருக்கும். அச்சில் இருந்தது யாரோ ஒரு பெரிய வீட்டுப் பெண்.

ருஜேரோவுக்கு ஃபோன் எடுத்தேன்.

"ஏன் திருத்தினாய்?"

"அவர் பேசியபடியே அச்சிட்டால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று பயந்தேன். அவரைத் தெரியாதவர்கள்."

"சிரித்திருக்கட்டும். அம்மா அதைத்தான் விரும்பியிருப்பார்."

"கடைசி அத்தியாயத்திலும் திருத்தித்தான் இருக்கிறது," என்றான். "ஆனால் அவர் சொன்னது அப்படியே எனக்கு நினைவிருக்கிறது. மேசையில் நான் அதைத்தான் சொல்வேன். அச்சில் உள்ளதை அல்ல."

"அம்மா மாதிரி நடிக்கக் கூடாது."

"நடிக்க மாட்டேன்."

அந்தியேட்டிக்கு முந்தின சனிக்கிழமை மத்தியானம் போனேன். சித்தி மலரில் ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்திருந்தார். அக்கா கடைசியாகச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு வா, இரவுக்கிடையில் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

மேசையில் ருஜேரோ, ஒரு பல்வைத்தியர், நுன்சியா என்ற பள்ளி ஆசிரியை. அம்மாவின் கதிரையில் அயன் மேசையின் பழைய விரிப்பு மடித்துப் போட்டிருந்தது. முதுகு நோவுக்காக அம்மா அதைப் போட்டிருப்பார். நுன்சியா அதை எடுக்கப் போனார். இருக்கட்டும் என்றேன்.

"நீ மாளிகைக்குள் வருகிறாய்," என்றான் ருஜேரோ. "என்ன செய்கிறாய்?"

"லிஃப்ட் திருத்துகிறேன்," என்று வாயில் வந்துவிட்டது.

ஒருவரும் சிரிக்கவில்லை. பல்வைத்தியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நாங்கள் மாளிகைக்குள் போனோம். ஒவ்வொரு கதவடியிலும் பெர்மெஸ்ஸோ சொன்னோம். சொல்லாமல் போன பல்வைத்தியரை ஒரு கதவு விரலில் கடித்தது. வரிசையில் நின்ற ஆவிகளோடு கதைத்தோம். ஒரு ஆவி ரசீதைத் தொலைத்துவிட்டு அழுதது. நுன்சியா தேடிக் கொடுத்தார். எனக்கு உருட்ட வேண்டி வந்தபோது அம்மாவின் பச்சைக் காயை எடுத்தேன். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். கண்ணில் ஒற்றினேன். இரண்டு விழுந்தது. தோல்வி. மேசையில் ஒரே சிரிப்பு. அம்மாவுக்கும் எப்போதும் அப்படித்தான் விழுமாம். அது எனக்குத் தெரியாத ஒன்று. எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு ருஜேரோ புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தான்.

"மேல் மாடி. நீண்ட கூடம். கூடத்தின் முடிவில் கடைசிக் கதவு. அது திறந்தே இருக்கிறது. அந்தப் பக்கம் வெளிச்சம். எல்லோருக்கும் அனுமதி கொடுப்பது அங்கேதான். கதவுக்கு முன்னால் சிஞ்ஞோரா இந்திரா நிற்கிறார். கையில் மொப்."

"பெர்மெஸ்ஸோ," என்றார் நுன்சியா மெதுவாக.

ருஜேரோ என்னைப் பார்த்தான். குரலை மாற்றவில்லை. அவனுடைய சாதாரணக் குரலிலேயே சொன்னான்.

"அஸ்பெத்தாரே. பஞ்ஞாத்தோ."

பொறுக்க. ஈரம்.

நான் இன்னும் ஏதாவது வரும் என்று இருந்தேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். அன்றைக்கு நாங்கள் சிரித்தோம். பூதங்களை எல்லாம் தாண்டி வந்துவிட்டு, துடைத்த தரைக்காக நின்றோம். அவர் களைத்திருந்தார். அடுத்தமுறை காய்ந்திருக்கும் என்றார். அதோடு நிறுத்தினோம்."

"புத்தகத்தில் எப்படி முடிகிறது?"

"காய்ந்துவிட்டது என்று ஆட்டக்காரர்களில் ஒருவர் சொல்ல வேண்டும். சொன்னால் சிஞ்ஞோரா இந்திரா விலகி வழிவிடுவார். எல்லோரும் வெளிச்சத்துக்குள் போகலாம். கதை முடியும். எப்போது சொல்வது என்பது அவர்கள் விருப்பம்."

நுன்சியா காய்களை நிறவாரியாக அடுக்கத் தொடங்கினார். நான் சொல்ல வேண்டும் என்று அவர்கள் காத்திருப்பது தெரிந்தது. ஒரேயொரு சொல். இத்தாலியனில் அதைச் சரியாகத் திரித்துச் சொல்ல எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். அம்மா மொப்போடு அந்தக் கூடத்தில் நின்றார். சொன்னால் விலகிவிடுவார்.

சொல்லவில்லை.

ருஜேரோ புத்தகத்தை எடுத்து மூடிவிட்டு, "இன்றைக்கு இவ்வளவு போதும்," என்றான்.

வியா மக்வேதா தெருவால் நடந்து வந்தபோது சித்தி ஃபோன் எடுத்தார்.

"என்னடி, அக்கா கடைசியா என்ன சொன்னவவாம்?"

"தரை ஈரமாம். பொறுக்கட்டாம்."

"என்னது?"

திரும்பச் சொன்னேன்.

"சீ. அதை எப்பிடியடி மலரிலை போடுறது? சனம் சிரிக்கும்." பிறகு குரலைத் தணித்தார். "என்னையும் ஒருக்கா உங்கடை படியிலை நிக்க வைச்சவ. மழை வேறை. தங்கச்சி எண்டும் பாக்கேல்லை." மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "அந்தப் பக்கத்துக்குப் படம் ஒண்டு போடுவம். நீ போய் உன்ரை அப்பாவைப் பார்."

மலரில் படம்தான் வந்தது. அதனால்தான் இதை இங்கே எழுதுகிறேன்.

வீட்டுக் கதவைத் திறந்தபோது சவர்க்கார மணம் அடித்தது. அப்பா தரை முழுவதையும் துடைத்திருந்தார். அம்மாவுக்குப் பேச்சுப் போன நாளிலிருந்து தூசு தட்டிக் கூட்டியிருக்கிறோம், ஒருநாளும் துடைக்கவில்லை. அந்தியேட்டிக்கு ஆட்கள் வருவார்கள் என்று துடைத்திருப்பார். மொப்பைக் குசினி வாசலில் சாத்தி வைத்திருந்தார். அவர் சோபாவில் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார். ரீவி போடவில்லை.

நான் வாசலிலேயே நின்றேன்.

"எப்ப துடைச்சனீங்கள்?"

"நீ போன கையோடை."

அது மத்தியானம். இப்போது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.

"காய்ஞ்சிட்டுதோ, பிள்ளை?" என்று கேட்டார்.

குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தேன். ஓடு குளிர்ந்து, துளி ஈரமில்லாமல், உலர்ந்து கிடந்தது.

"இன்னும் காயேல்லை, அப்பா."

அவர் என் கையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்து இடம் விட்டார்.

"நானும் அப்பிடித்தான் நினைச்சன். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு, ஓரத்தாலை வந்து ஏறி இரு. காலைத் தூக்கு."